செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றவர்களுக்கு

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கதிர்வீச்சின் கடைசி நாளன்று நீங்கள் எல்லோரும் அவளை வாழ்த்தினீர்கள், அவளும் நன்றி சொல்லிவிட்டாள். இது என் கணக்கு. அவளைப் பார்த்துக்கொண்ட என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கான கடன். தீராது, சொல்லியாவது வைக்கிறேன்.

முதலில் வார்டு நர்ஸ் அக்காவுக்கு. அறுவை சிகிச்சைக்குப் பின் அவளை வீட்டுக்கு அனுப்பியபோது காயத்திலிருந்து ஒரு குழாயும், நீர் சேரும் குடுவையும் தொங்கின. தினமும் காலி செய்து எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. நீங்கள் தைரியம் ஒன்றும் சொல்லவில்லை. குடுவையைக் கையில் கொடுத்து, மூன்று முறை என்னையே செய்ய வைத்தீர்கள். குழாயை எடுக்கலாம் என்னும்படி ஒரு நாள் அளவு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய அன்று அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பரீட்சை மார்க்கையும் அப்படிப் பார்த்ததில்லை.

தங்கச்சி, கீமோ தொடங்கிய வாரம் என் போன் ஓயவில்லை. எல்லோரும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் ஒரே விஷயத்தைப் பதினைந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது அது மறுபடி நடப்பதுபோல இருந்தது. "இனிமே எல்லாரும் என்கிட்ட கேக்கட்டும்ணா" என்று நீ ஏற்றுக்கொண்டாய். 'கீமோ வேண்டாம், இந்த வேர் போதும்' என்று வீடியோ அனுப்பியவர்களையும் நீதான் சமாளித்தாய். அவர்களிடம் என்ன சொன்னாயோ, அப்புறம் ஒரு வீடியோவும் வரவில்லை!

அலுவலக நண்பருக்கு. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ என்றால் லீவு ஒரு நாள் போதும் என்றுதான் நானே நினைத்தேன். நோய்த்தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போவது ஒரு வாரம் கழித்து என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஓட வேண்டும். தெர்மாமீட்டரும் கையுமாகக் கிடந்த அந்த ராத்திரிகளின் தேதிகளை நீங்கள் குறித்து வைத்து, நான் கேட்குமுன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டீர்கள்.

இதே நோயைக் கடந்து வந்த அந்தத் தோழிக்கு. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது வந்து மழித்துவிட்டீர்கள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ அழறப்போ ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாதீங்க, வாய மூடிட்டு உக்காருங்க" என்றீர்கள். அதுவரை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பது அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு என்னிடம் பயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியாக, எதிர்வீட்டு அம்மாவுக்கு. "எதுன்னாலும் கேளுங்க" என்று பலர் சொன்னார்கள். நல்ல மனசுதான். ஆனால் எதைக் கேட்பது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாதவன் என்னத்தைக் கேட்பான்? நீங்கள், "செவ்வாக்கிழம பத்து மணிக்கு வர்றேன், ஒரு மணி வரைக்கும் இருப்பேன். நீ வெளிய போ தம்பி" என்றீர்கள். முதல் செவ்வாய் எங்கே போவதென்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். அடுத்த வாரம் முடி வெட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம் சும்மா நடந்தேன். நான் திரும்பும்போது நீங்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எதற்கென்று இன்றுவரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

மருந்தின் பின்விளைவால் அவள் விரல்நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. ஹார்மோன் மாத்திரை இன்னும் ஐந்து வருஷத்துக்காவது உண்டு. ஆனால் தாழ்ப்பாளை அவளே திறந்துவிடுகிறாள். செவ்வாய்க்கிழமை வாருங்கள் அம்மா, இந்த முறை நானும் வீட்டில் இருப்பேன்.