பயம் ஹார்மோனைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

திசு வளர்ப்புச் செடிகள் ஹார்மோன் போட்டு வளர்த்தவை, வீட்டில் வைக்காதீர்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துப் பல கன்றுகளாக்குவதுதான் திசு வளர்ப்பு. ஆய்வகக் குடுவையிலிருந்து வெளியே வரும் ஜெர்பரா, ஆந்தூரியம் கன்றுகளை வாங்கி, வெளிக்காற்றுக்குப் பழக்கி, ஓசூர் வட்டாரப் பூ விவசாயிகளுக்கு விற்பது என் பிழைப்பு. அவர் பயப்பட வேண்டிய இடம் வேறு.

குடுவையில் கன்று வளரும் ஊட்டக் கலவையான ஊடகத்தில், ஒரு லிட்டருக்குச் சேர்ப்பது பெரும்பாலும் சில மில்லிகிராம் ஹார்மோன்தான். அதில் சைட்டோகைனின் என்ற வகை ஓங்கினால் தளிர் பெருகும், ஆக்சின் என்ற வகை ஓங்கினால் வேர் இறங்கும். 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற விஞ்ஞானிகள் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டிய கணக்கு இது. ரோஜாக் குச்சி நடும்போது தோய்க்கிறோமே வேர்த்தூள், அதில் இருப்பதும் ஆக்சின்தான். (1955இல் கைனெட்டின் என்ற சைட்டோகைனினை ஹெர்ரிங் மீன் விந்தின் டி.என்.ஏ.விலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்று சொன்னால் அந்த வாசகர் இன்னும் மிரள்வார்.)

தொல்லை எங்கே வருகிறது என்றால், பேராசையில். சைட்டோகைனினைக் கூட்டி, அதே தளிரைத் திரும்பத் திரும்பப் பிரித்துக் குடுவை மாற்றினால் ஒரு தாய்ச்செடியிலிருந்து கன்றுகள் கொட்டும். சில கன்றுகளின் இலை கண்ணாடிபோல் நீர்கோத்துப் போகும். வெளியே வைத்த அன்றே சரியும். தப்பிப் பிழைப்பவை ஜெர்பராவில் புதராக மண்டும். சிற்றிலைகள் குவிந்து, பூக்கள் சிறுத்து, காம்பு குட்டையாகிவிடும். குட்டைக் காம்புப் பூவைச் சந்தையில் யார் வாங்குவார்? சென்ற ஆண்டு எனக்கு வந்த ஒரு தொகுதி அப்படித்தான் ஆனது. எத்தனை முறை பிரித்த கன்று என்று ஆய்வகத்தாரிடம் கேட்டேன். "அதெல்லாம் சொல்வதில்லை" என்றார்கள்.

பழக்குவதிலும் அவசரம். குடுவைக்குள் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் இலையின் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகளுக்குச் சரியாக மூடத் தெரியாது, உணவும் ஊடகத்துச் சர்க்கரைதான். தென்னை நார்க்கழிவில் நட்டு, நிழல்வலைக்குள் ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சில வாரங்கள் பழக்க வேண்டும். சிலர் பாதியில் தூக்கி விற்றுவிட்டு, வாடினால் தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை என்று விவசாயியையே திட்டுகிறார்கள்.

நச்சுயிரி (வைரஸ்) இல்லாமை, தாய்ச்செடியோடு மரபு ஒருமை இரண்டையும் சோதித்துத் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று தரும் திட்டம் 2006 முதல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையிடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டுக் கணக்கில் வாங்கும் எங்கள் கைக்கு ஒரு துண்டுச் சீட்டும் வருவதில்லை. விதைப் பொட்டலத்தில் முளைப்புத் திறனை அச்சிடுவதுபோல ஒவ்வொரு கன்றுத் தட்டிலும் எத்தனை முறை பிரித்தது, குடுவையிலிருந்து எடுத்த தேதி, எத்தனை வாரம் பழக்கியது என்று மூன்று விவரங்களை ஒட்டும்படி தோட்டக்கலைத் துறை ஆணையிட வேண்டும். ஆய்வகத்தின் பதிவேட்டில் இவற்றில் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
நாற்றங்கால்காரர் ஒருவர்,
ஓசூர்