பாலர் வகுப்பில் இடம் இல்லை, அப்புறம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் வருவதில்லை, தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்று ஆண்டுதோறும் மேடை போட்டுப் பேசுகிறோம். ஆனால் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பது பாலர் வகுப்பிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு இருக்கிறது, சாப்பாடு போடுகிறார்கள், பயிற்சி பெற்ற ஆசிரியரும் துணைக்கு ஓர் உதவியாளரும் உண்டு, எல்லாம் சரி, ஆனால் ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள்தான். ஆறு வயதுப் பிள்ளைகளை முதலில் எடுத்ததும் ஐந்து வயதுக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். கையில் காசு இருந்தால் தனியார் பாலர் பள்ளி, இல்லையென்றால் கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) இருக்கும் கெமாஸ், அதாவது அரசாங்கத்தின் சமூக மேம்பாட்டு இலாகா நடத்தும் பாலர் பள்ளி. கெமாஸைக் குறை சொல்லவில்லை, அங்கே பிள்ளைகளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே எல்லாம் மலாய். கூடப் படித்த கூட்டாளிகளோடு அந்தப் பிள்ளையும் அப்படியே மலாயில் பாடம் நடத்தும் தேசியப் பள்ளிக்குப் போய்விடுகிறது. தமிழ்ப்பள்ளிக்கு வந்தாலோ, மற்ற பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதிக்கொண்டிருக்க இது 'அ'வைச் சுழிக்கத் தெரியாமல் பென்சிலோடு முழிக்கிறது.

இடம் கிடைத்தாலும் நேரம் ஒத்துவருவதில்லை. வகுப்பு நாலு மணி நேரம்தான். செம்பனைக் காட்டிலோ தொழிற்சாலையிலோ நிற்கும் தாய் நடுப்பகலில் எப்படி வந்து கூட்டிப்போவாள்? முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. அழுக்கோ சுத்தமோ, வேலை முடியும் வரை பிள்ளை ஓரிடத்தில் இருந்தது. இப்போது இலவச வகுப்புக்கு மாதாமாதம் வேன் காசு கட்ட வேண்டியிருக்கிறது. வேன் காசு கட்டுப்படியாகாமல்தான் என் பேத்தியையே பாதி ஆண்டில் நிறுத்தினார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலர் கல்வி என்று 2013-2025 கல்விப் பெருந்திட்டத்தில் எழுதியிருந்தார்கள். திட்டக் காலமே முடிந்துவிட்டது. மாணவர் குறைந்த பள்ளிகளில் வகுப்பறை காலியாகக் கிடக்கிறதே, அங்கே இரண்டாவது பாலர் வகுப்பு திறந்தால் என்ன? விழாவுக்கு மானியம் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் மக்கள் பிரதிநிதிகள் ஒரு வேனுக்கும், சாயங்காலம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கும் கொடுக்கலாம். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இடமில்லாமல் திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் கணக்கை, அடுத்த பதிவு தொடங்குமுன் மாவட்டக் கல்வி இலாகாவில் எழுத்து மூலமாகக் கொடுக்கட்டும். வாயால் சொன்னால் அங்கே எடுபடாது.

தோட்டத்துத் தாத்தா,
சுங்கை சிப்புட், பேராக்