பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள்: எங்கள் விவசாய அமைப்பின் நிருவாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்யும் உங்கள் அங்கத்தவர்களில் ஒருத்தி எழுதுகிறேன். அங்கத்தவர் என்று எழுதவே கை தயங்குகிறது. போன கிழமை, சிறுபோகத்துக்கு, அதாவது மழையில்லாக் காலப் பயிருக்கு, குளத்துத் தண்ணீர் பெறுவோர் பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு வந்தபோது, "உங்கட பேர் பதிவில இல்லையே அக்கா" என்றார் செயலாளர் தம்பி.

என் வீட்டுக்காரர் 11 வருடம் சந்தா கட்டினார். அவர் போன பிறகு 3 வருடமாக நான் கட்டுகிறேன். பற்றுச்சீட்டு எல்லாம் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. மாரி மழையோடு விதைக்கும் பெரும்போகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவாக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்றீர்கள். அன்று மகனுக்குக் காய்ச்சல். நானே மண்வெட்டியோடு வந்து, வாய்க்கால் தண்ணீரை மேற்பார்க்கும் வட்டவிதானை அளந்து விட்ட பங்கை வெட்டி முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். சேறு அள்ளக் கூப்பிட்டபோது இருந்த பெயர், தண்ணீர் பங்கிடும்போது எங்கே போனது?

பெரும்போகத்தில் மழை எல்லார் வயலுக்கும் பெய்யும். சிறுபோகம் அப்படியில்லை. குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் போக ஆரம்பக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறார்கள். அதற்குள் யார் விதைப்பது என்பது உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதில் இல்லாவிட்டால் என் 2 ஏக்கரும் தரிசுதான். வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் அதில்தான் விளைய வேண்டும்.

3 வருடமாகப் பொதுக்கூட்டம் இல்லை. கணக்கு வாசிக்கவில்லை. தெரிவும் நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்பு இது. யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. தன் அங்கத்தவர் யார் என்றே தெரியாத அமைப்பு, நாளைக்கு அரசாங்கத்தின் கமநல சேவை நிலையத்தில் யாருக்காகப் பேசப் போகிறது? ஆகவே கேட்கிறேன்: பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். பதிவேட்டை எல்லார் முன்னும் பிரித்து வையுங்கள்.

எங்கள் ஊரில் மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் எதை எடுத்தாலும் இதே கதைதான். காசு வாங்கும்வரை எல்லாரும் அங்கத்தவர். பிறகு புத்தகம் ஒருவர் வீட்டு அலுமாரிக்குள் போய்விடும். கேட்டால் "எங்களில நம்பிக்கை இல்லையா" என்று முகம் சுருங்கும். நம்பிக்கை இருப்பதால்தான் மாதா மாதம் காசு தந்தோம். கணக்குக் கேட்பது பகை இல்லை. கேட்காமல் இருந்தது எங்கள் பிழையும்தான்.

நீங்கள் சம்பளம் இல்லாமல் ஓடித்திரிவது எனக்குத் தெரியும். போன வெள்ளத்தில் இரவிரவாக அணைக்கட்டுக்கு மண்மூட்டை சுமந்ததையும் மறக்கவில்லை. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். முதல் தண்ணீர் விட இன்னும் 2 கிழமை இருக்கிறது. அதற்குள், பெண்களும் வரக்கூடிய பின்னேர நேரமாகப் பார்த்து, தயவுசெய்து பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். பதிவேட்டையும் காசுப் புத்தகத்தையும் மேசையில் வையுங்கள். நான் தகரப் பெட்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கும் உங்கள் அங்கத்தவர்