கோரிக்கை மனு: பூர்வீக வீட்டைக் காட்டி மறுக்கப்பட்ட வருமானச் சான்று

அனுப்புநர்
(பெயர், முகவரி, குடும்ப அட்டை விவரம் தனித்தாளில்)
செட்டிநாட்டுப் பகுதி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கும் என் கணவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறும் பொருட்டு, நிராகரிக்கப்பட்ட வருமானச் சான்று விண்ணப்பத்தை மறுவிசாரணை செய்து உடனே வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் கணவர் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். வயது 47. கல்லீரல் செயலிழந்துவிட்டது, மாற்றுக் கல்லீரல் பொருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அறுவைக்கு ஆகும் செலவு எங்கள் சக்திக்கு மீறியது. அரசின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் சேர வருமானச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு நாங்கள் செய்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. காரணம், நாங்கள் குடியிருக்கும் வீடு.

இந்த மாவட்டத்தை நிர்வகிக்கும் தங்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள், தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். என் கணவருடைய பாட்டனாரின் தகப்பனார் பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில் கட்டியது. 1930-களின் மந்தத்தில் பாதியும், 1942-ல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது மீதியுமாக அங்கே போட்ட முதல் போய்விட்டது. வீடு மட்டும் இங்கே நின்றுவிட்டது. இன்று அதில் பதினாறு புள்ளிகளுக்கு, அதாவது பதினாறு குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. பெரும்பாலோர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வந்து, தங்கள் அறையைத் திறந்து தூசி தட்டி, காரியம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு போகிறவர்கள். எங்கள் பங்குக்கு உள்ளது வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய கட்டு) ஓர் அறை, அதன்மேல் ஒரு மாடியறை, பின்கட்டு அடுப்படியில் ஒரு பக்கம். வளவைச் சுற்றி ஓடு சரிந்து கிடக்கிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் பித்தளை அண்டாக்களை நாலு மூலையிலும் வைத்து ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்கிறோம். ஓடு மாற்றலாம் என்றால் பதினாறு புள்ளியும் பணம் போட வேண்டும். அது பேச்சாகவே நிற்கிறது.

கள விசாரணைக்கு ஒரு வருவாய்த்துறைப் பணியாளர் வந்தபோது நான் மதுரையில் இருந்தேன். வீட்டில் இருந்தவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள். வந்தவர் முகப்பிலேயே நின்றாராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். கைப்பேசியில் முன்வாசலைப் படம் எடுத்தார். “உள்ளே வந்து எங்கள் அறையைப் பாருங்கள், சார்” என்று மகள் கூப்பிட்டிருக்கிறாள். “பார்த்த வரைக்கும் போதும்மா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். பிறகு இணையத்தில் பார்த்தால், பெரிய மாளிகையில் வசிப்பதால் வருமானம் குறித்த விவரம் ஏற்கத்தக்கதல்ல என்று போட்டு நிராகரித்திருக்கிறார்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். செட்டியார் வீடு என்றதும் இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதில் பழைய பேரேடுகளும் கரையானும்தான் இருக்கின்றன.

ஒரு தூணைப் பெயர்த்து விற்றாலே லட்சக்கணக்கில் வருமே என்று எனக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. காரைக்குடிக் கடைத்தெருவில் அப்படி வந்து சேர்ந்த தூண்களையும் கதவுகளையும் யாரும் பார்க்கலாம். ஆனால் எங்கள் வீட்டுத் தூண் எங்களுடையது அல்ல, பதினாறு பேருடையது. கூட்டுப் பட்டாவில் இருக்கும் சொத்தில் எல்லாரும் கையெழுத்திடாமல் ஒரு சன்னல் கம்பியைக்கூட நான் கழற்ற முடியாது. என் பெயருக்கென்று இருந்தது கல்யாணத்தில் அணிந்த தங்கத் தாலியான என் கழுத்திரு ஒன்றுதான். அது இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

எங்கள் வருமானம் இதுதான். என் கணவர் காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதி வந்தார். மாதச் சம்பளம் 9,500 ரூபாய், ஆண்டுக்கு 1,14,000. கடந்த ஆண்டே அவரால் வேலைக்குப் போக முடியாமல் போயிற்று. அதன்பின் சம்பளம் இல்லை. கல்யாண வீடுகளுக்கு மணகோலம், சீப்புச் சீடை ஆகிய பலகாரங்களைச் செய்து கொடுத்து நான் சம்பாதித்ததுதான் குடும்பத்தை ஓட்டியது. அவரை மருத்துவமனையில் சேர்த்தபின் அதுவும் நின்றுவிட்டது. காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது என்பது தாங்கள் அறிந்ததே. அவர் முழுச் சம்பளம் வாங்கிய காலத்தில்கூட அது அந்த வரம்புக்கு உள்ளேதான் இருந்தது. திட்டம் கேட்பது குடும்பத்தின் வருமானத்தை. வாசலின் அகலத்தை யாரும் கேட்கவில்லை.

அவசரம் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு இளவயதில் வந்த பி வகை மஞ்சள் காமாலை தெரியாமலே உள்ளே தங்கி, கல்லீரலைச் சுருங்க வைத்துவிட்டது. (கல்லீரல் என்றதும் கேட்பவர் கண்ணில் ஒரு கேள்வி வருகிறது. அவர் குடித்தவர் அல்ல. குடித்தவராக இருந்தாலும் இந்த மனு இப்படித்தான் இருக்கும்.) வயிற்றில் நீர் கோத்தது, ரத்த வாந்தி எடுத்தார், இப்போது சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தத்தில் அம்மோனியா ஏறும்போது நினைவு தடுமாறுகிறது. டாக்டர் தினமும் இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, மணிக்கட்டு உதறுகிறதா என்று பார்க்கிறார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்கிறார். ஒரு நாள் என் கணவர் சரியாகச் சொல்கிறார். மறுநாள் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, “வரவு எழுதிவிட்டேன், பற்று எங்கே?” என்று செவிலியரிடம் கேட்கிறார். குழாய்களைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருக்கிறார்கள். நான் போகும் நேரத்துக்கு மட்டும் அவிழ்த்துவிடுகிறார்கள்.

பிலிரூபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு மெல்ட் என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அது 6-லிருந்து 40 வரை போகும். ஏற ஏற ஆபத்து. அவருடையது ஏறிக்கொண்டிருக்கிறது.

சொந்தத்தில் யாரும் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். அவர் ஓ வகை ரத்தம், நான் பி. என் கல்லீரல் அவருக்குப் பொருந்தாது. மகளுக்கு ஓ. நாங்கள் தடுத்தும் கேளாமல் பரிசோதனைக்குப் போனாள். அவளிடமிருந்து எடுக்கக்கூடிய பகுதி அவர் உடம்புக்குப் போதாது என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அவருடைய தம்பிக்குச் சர்க்கரை நோயும் கல்லீரலில் கொழுப்பும் இருக்கின்றன. பெரியப்பா மகன் ஒருவர் முன்வந்தார். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி அவர் நெருங்கிய உறவினர் ஆகமாட்டார். அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்குள் அவருக்கே இதய அடைப்பு இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. எனவே மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் மனமுவந்து கொடுப்பதை எதிர்பார்த்திருப்பதே மிச்சம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த அறுவை நடக்கிறது என்பது தெரியும். இருக்கும் நிலையில் அவ்வளவு தூரம் கொண்டுபோவது உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் மருத்துவமனை வழியாகத்தான் பதிய முடியும். செலவுக்கு வழி காட்டினால்தான் பதிவை முழுமையாக்க முடியும் என்கிறார்கள். திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கல்லீரல் மாற்று போன்ற பெரிய அறுவைகளுக்கு அதற்கு மேலும் தனி நிதியிலிருந்து தருகிறார்கள். அட்டை இல்லாததால் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. கடை முதலாளியும் ஊர் நகரத்தாரும் கொடுத்த பணம் இதுவரையிலான வார்டு கட்டணத்துக்கே சரியாகப் போயிற்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் எங்களை முன்னால் தள்ளிவிடும்படி நான் கேட்கவில்லை. அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். யாருக்கு முன்னுரிமை என்பதை மருத்துவமும் விதிமுறைகளும் முடிவு செய்யட்டும். பட்டியலுக்குள் நிற்பதற்கே ஒரு காகிதம் தடையாக இருக்கிறது என்பதுதான் என் முறையீடு. எடுத்த கல்லீரலை உடலுக்கு வெளியே ஏறக்குறைய 12 மணி நேரம்தான் வைத்திருக்க முடியும் என்கிறார்கள். அழைப்பு நள்ளிரவில் வரலாம், நாளையே வரலாம். அன்றைக்கு இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி நிற்க முடியாது. பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தேன். கல்லீரல் கிடைக்க வேண்டும் என்று வேண்டினால் அது இன்னொரு வீட்டில் சாவு விழ வேண்டும் என்று கேட்பதாகிவிடுமே என்று தோன்றியது. அதனால் வருமானச் சான்று கிடைக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

2008-ல் ஹிதேந்திரன் என்ற இளைஞனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் கொடுத்ததிலிருந்து உறுப்புக் கொடையில் இந்த மாநிலத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. கொடை அளிப்போரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23-ல் அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர்களே நேரில் போய் மாலை வைத்து வணங்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்க்கிறேன். அவ்வளவு பெரிய மனதோடு ஒரு குடும்பம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தகுதியுள்ள ஒருவர், முகப்புத் தூணைக் காரணம் காட்டி விடுபட்டுப் போவதை அரசு விரும்பாது என்று நம்புகிறேன்.

ஆகவே, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தைத் தங்கள் நேரடிப் பார்வையில் ஒரு பொறுப்பான அலுவலரைக் கொண்டு மறுவிசாரணை செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். வருகிறவர் முகப்போடு நிற்காமல் எங்கள் அறை வரை வரட்டும். சம்பளச் சான்றையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் பாகப் பத்திரத்தையும் பார்த்து, வருமானம் எவ்வளவோ அதை எழுதட்டும். 1,20,000-க்கு மேல் ஒரு ரூபாய் இருப்பதாகத் தெரிந்தாலும் மனுவைத் தள்ளிவிடலாம். சான்று கிடைத்தவுடன் தங்கள் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் என் கணவர் நேரில் வராமலே பதிவு செய்ய அனுமதிக்க வேண்டும். அவரைப் படம் எடுக்க வேண்டுமானால் மருத்துவமனையிலேயே எடுக்க ஏற்பாடு செய்யலாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தில் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ரத்தம் ஏற்றவும் குழாய் மாற்றவும் கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆகையால் என் சார்பில் மகள் அலுவலகங்களுக்கு வந்தால் “அம்மாவை அழைத்து வா” என்று திருப்பி அனுப்பாமல் இருக்கச் சொல்ல வேண்டும்.

மேலும் ஒன்று. எங்களைப் போன்றவர்கள் கானாடுகாத்தானிலும் கண்டனூரிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் இருக்கிறார்கள். பெரிய வீட்டின் ஓர் அறையில் ஓய்வூதியம்கூட இல்லாமல் வாழும் வயதான ஆச்சிகளை நானே அறிவேன். பிரிக்கப்படாத பூர்வீக வீட்டில் பங்கு இருப்பதை மட்டும் காரணமாக வைத்து வருமானச் சான்றை மறுக்கக் கூடாது என்று இந்தப் பகுதிக் களப்பணியாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அடுத்தவர் இப்படி ஒரு மனு எழுத வேண்டியிருக்காது. என் மனுவுக்கு முதலில் உத்தரவிட்டுவிட்டு அதை ஆற அமரச் செய்யலாம்.

இந்த மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் என் மகள் தங்களிடம் நேரில் தருவாள். நோயாளியைப் பார்க்க விடும் நேரத்தில் என்னால் கைப்பேசியை எடுக்க இயலாது. அப்போது அவளுடைய எண்ணுக்கு அழைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு எண்களும் தனித்தாளில் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)

இணைப்பு: மருத்துவர் கடிதம், நிராகரிப்பு விவரத்தின் அச்சுப்படி, கடை முதலாளி தந்த சம்பளச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், கூட்டுப் பட்டா, பாகப் பத்திரம், குடும்ப அட்டை, ஆதார் அட்டைகள், அடகுச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள், எங்கள் அறையின் புகைப்படங்கள்.