லிஃப்ட் அறுந்து விழவில்லை, ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அறுபதுகளின் அமெரிக்க ராக் குழுக்களைப் பற்றிய கட்டுரையில் 'தர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' (பதின்மூன்றாம் மாடி லிஃப்டுகள்) குழுவுக்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பெயரைத் தமிழ் அச்சில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். கடைசி வரியில் இதழை மூடிவிட்டேன். "போதையில் ஏறிய லிஃப்ட், போதையிலேயே அறுந்து விழுந்தது" என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். நான்கு நாளாக அந்த வரி மனதைவிட்டுப் போகவில்லை.

அவர்கள் எல்.எஸ்.டி. என்ற மனமயக்கப் போதைப்பொருளை எடுத்துக்கொள்ளவில்லை என்று வாதாட நான் வரவில்லை. எடுத்துக்கொண்டார்கள். பாட்டு எழுதிய டாமி ஹால் அதை ஒரு ஞானமார்க்கமாகவே நம்பினார். முதல் ஆல்பத்தின் உறையிலேயே அந்தத் தத்துவத்தை எழுதி வைத்தார், மேடை ஏறும்போது மற்றவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். அது பிடிக்காமல்தான் டிரம்ஸ் வாசித்த ஜான் ஐக் வால்டனும் பேஸ் கிடார் வாசித்த ரானி லெதர்மனும் 1967இல் விலகினார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் குழு உடைந்ததற்கு அது மட்டுமே காரணம் என்றால், டெக்சஸ் போலீஸும் நீதிமன்றமும் மருத்துவமனையும் ரெக்கார்டு கம்பெனியும் என்ன செய்தன என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

1965 கடைசியில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் குழு தொடங்குகிறது. பாடகர் ராக்கி எரிக்சனுக்கு அப்போது வயது 18. அடுத்த மாதமே, 1966 ஜனவரியில், போலீஸ் வந்து பிடிக்கிறது. எதற்கு? கஞ்சாவுக்கு. எல்.எஸ்.டி. அப்போது சட்டவிரோதமே இல்லை, கலிஃபோர்னியாவில்கூட அந்த ஆண்டு அக்டோபரில்தான் தடை வந்தது. ஆனால் டெக்சஸ் சட்டப்படி கஞ்சா எவ்வளவு வைத்திருந்தாலும் 2 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. 1973இல்தான் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்த வழக்கின் நிழலில்தான் இந்தப் பையன்கள் சான் ஃபிரான்சிஸ்கோ போய் அவலான் அரங்கிலும் ஃபில்மோரிலும் வாசித்தார்கள். அந்த நிலையில்தான் அவர்களுடைய முதல் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 55ஆம் இடத்துக்கு வந்தது. கட்டுரையாளருக்கு இது "ஒரு சின்ன வெற்றி". சரி, இருக்கட்டும்.

1968இல் ராக்கியின் மனம் கலைந்தது. சான் அன்டோனியோவில் ஹெமிஸ்ஃபேர் கண்காட்சி மேடையில் யாருக்கும் புரியாத சொற்களைப் பேசினார். ஸ்கிட்சோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், மின்சார ஷாக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டோடு பிடிபட்டார். வயது 21. நீண்ட சிறையிலிருந்து தப்பிக்க, மனநோயாளி என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டி வந்தது. ஆஸ்டின் மருத்துவமனையிலிருந்து அவர் தப்பித் தப்பி ஓடியதால், குற்றம் செய்த மனநோயாளிகளை அடைக்கும் ரஸ்க் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கொலை செய்தவர்களோடு 1972வரை அங்கே இருந்தார். மனநோய்க்குக் கொடுக்கும் தோரசீன் மருந்து, மறுபடியும் ஷாக். அங்கேயும் அந்த மனிதர் உடனிருந்தவர்களைச் சேர்த்து ஒரு இசைக்குழு அமைத்தார், கவிதை எழுதினார். உங்கள் கட்டுரையில் ரஸ்க் என்ற ஊர்ப்பெயர்கூட இல்லை. "பிறகு மனநலம் குன்றி மறைந்தே போனார்" என்று ஒரே வரி.

மறைந்து போகவில்லை, ஐயா. அவர் 2019 மே 31 வரை உயிரோடு இருந்தார். நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் ஆஸ்டினில் இருந்தேன். 2015 மே மாதம் நகரத்துக்கு வெளியே கார்சன் கிரீக் பண்ணையில் 'லெவிடேஷன்' இசைவிழா நடந்தது. விழாவின் பெயரே இந்தக் குழுவின் ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். ராக்கி, டாமி ஹால், வால்டன், லெதர்மன் நான்கு பேரும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் நின்றார்கள். என் பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு பாட்டையும் வரி தவறாமல் கூடவே பாடினார்கள். டாமி ஹாலின் ஜாடி ஒலித்தபோது பெருமூச்சு விட்டபடி அழுதார் ஒரு பெரியவர். "இரண்டே ஆண்டில் உலகம் மறந்துவிட்ட குழு" என்று எழுதியவரை அங்கே கூட்டிப்போயிருக்க வேண்டும்.

அந்த ஜாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் "கூஜாவை ஊதும் கலைஞர்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். டாமி ஹால் அதை ஊதவில்லை. மண் ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையால் குரலெழுப்பி உள்ளே எதிரொலிக்கச் செய்தார். புறா குனுகுவதுபோல் பாட்டுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குழுவின் முகவரியே அந்தச் சத்தம்தான். முதல் ஆல்பத்தை ஒருமுறை கேட்டிருந்தால் 'கூஜா' வந்திருக்காது.

குழுவுக்குப் பெயர் வைத்தவர்களில் ஒருவர் டாமியின் மனைவி கிளெமென்டைன் ஹால். ராக்கியோடு சேர்ந்து பாட்டும் எழுதியவர். அவர் பெயரும் கட்டுரையில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாட்டுப்புறப் பாடகர்களைப் பற்றி நீங்கள் போட்ட சிறப்பிதழிலும் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை என்று எழுதியிருந்தேன். என் கடிதத்தின் முதல் இரண்டு வரியை, பாராட்டு வரியை மட்டும், பிரசுரித்தீர்கள். இந்தக் கடிதத்திலும் வெட்டுவதாக இருந்தால் மேல்பகுதியை வெட்டிவிட்டுக் கீழ்ப்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரெக்கார்டு கம்பெனி விஷயம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1968இல் அவர்களுடைய ரெக்கார்டு கம்பெனியான ஹூஸ்டனின் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ், ஸ்டுடியோவில் மிச்சமிருந்த பதிவுகளில் கைதட்டல் சத்தத்தை ஒட்டி 'நேரடி நிகழ்ச்சி' என்று விற்றது. அதைத்தான் "அவர்களின் உச்சகட்ட மேடை நிகழ்ச்சி" என்று படத்தோடு புகழ்ந்திருக்கிறீர்கள். கிடார் வாசித்த ஸ்டேசி சதர்லண்ட் 1969இல் வந்த கடைசி ஆல்பத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாகத் தாங்கினார். 1978இல் ஹூஸ்டனில் மனைவி சுட்டதில் இறந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் இவ்வளவு எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் அண்ணனுக்கும் ராக்கிக்கு இருந்த அதே நோய். இருபத்திரண்டு வயதில் வந்தது. அவன் சிகரெட்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "என்ன பழக்கம்?" என்றுதான். அவனைச் சேர்த்திருந்த இடத்தில் ஒரு மருத்துவர் என் அம்மாவின் முகத்துக்கு நேராகவே அதைக் கேட்டார். அம்மா அன்றைக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். 'போதையில் விழுந்தான்' என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சௌகரியமான வாக்கியம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ராக்கிக்கும் ஒரு தம்பி இருந்தார். சம்னர் எரிக்சன், பிட்ஸ்பர்க் சிம்ஃபனி இசைக்குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசித்தவர். 2001இல் நீதிமன்றம் போய் அண்ணனின் பாதுகாவலர் பொறுப்பை வாங்கினார். ஒழுங்கான சிகிச்சை, பல் வைத்தியம், உரிமைத்தொகைக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்தார். நான்கு ஆண்டில், 2005இல், ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் விழாவில் ராக்கி மேடையேறினார். 2010இல் புது ஆல்பம் வந்தது. அன்று அந்தப் பண்ணையில் அவர் குரலைக் கேட்டபோது நான் என் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விழுந்தவர் எழுந்து நின்ற கதை இது. உங்கள் கட்டுரை விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பதினேழு ஆண்டுகளாகச் சந்தா கட்டிப் படிக்கிறேன், நிறுத்தப்போவதில்லை. கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் மூன்று திருத்தங்கள் போடுங்கள்: ராக்கி எரிக்சன் ரஸ்க் மருத்துவமனைக்குப் போனது ஒரு கஞ்சா சிகரெட் வழக்கினால், அவர் 2019வரை வாழ்ந்தார், டாமி ஹால் வாசித்தது கூஜா அல்ல, ஜாடி. இடம் போதாவிட்டால் ஜாடியை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்