நம் பேராக் கொடியைப் பற்றி, பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நவம்பர் மாத முதல் வெள்ளிக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநில ஆட்சியாளரான மேன்மை தங்கிய சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை. அதையொட்டி நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மாநிலக் கொடியை வரைந்து, அதன் பொருளை நாலைந்து வரிகளில் எழுதி வரவேண்டும். பிள்ளைகள் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். அதனால் விவரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கொடி பார்க்க எளிமையானது. மேலே வெள்ளை, நடுவில் மஞ்சள், கீழே கறுப்பு, மூன்றும் ஒரே அகலம். "வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் வீரம்" என்று பிள்ளைகள் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். எந்தக் கொடிக்கும் பொருந்துகிற பதில் அது; நம் கொடிக்குப் பொருந்தாது. இங்கே நிறங்கள் குணங்களைக் குறிக்கவில்லை, பதவிகளைக் குறிக்கின்றன. வெள்ளை சுல்தானுக்கு. மஞ்சள் ராஜா மூடா எனப்படும் பட்டத்து இளவரசருக்கு. கறுப்பு, அவருக்கும் அடுத்த நிலையில் இருக்கும் ராஜா டி ஹிலிருக்கு. மலாய் அரச மரபில் மஞ்சள்தானே ஆட்சியாளரின் நிறம் என்று நீங்கள் கேட்கலாம். இன்னொரு மாநிலமான நெகிரி செம்பிலானின் கொடியில் அப்படித்தான். பேராக்கில் வெள்ளை முந்திக்கொண்டது.

ஆகவே வரிசை மாறினால் பொருளே மாறிவிடும். கொடியைத் தலைகீழாக மாட்டினால் ராஜா டி ஹிலிர் சுல்தானுக்கு மேலே போய்விடுவார்! பிறையோ நட்சத்திரமோ இல்லாத கொடி என்பதால் இந்தத் தவறு சட்டென்று கண்ணில் படாது. இன்றைய சுல்தான் நஸ்ரின் ஷாவே 2014இல் அரியணை ஏறும்வரை ராஜா மூடாவாக, அதாவது மஞ்சள் பட்டையில், இருந்தவர்தான். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

கொடி 1879இல் வந்தது. அப்புறம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்து ஐக்கிய மலாய் மாநிலங்கள் ஆனபோது, அவற்றின் கொடி நிறங்களை எடுத்தே வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஒரு பொதுக்கொடி அமைத்தார்கள். நடுவில் ஒரு புலி. அந்தக் கொடி போய்விட்டது, நம்முடையது இன்றும் பறக்கிறது. சபைகூடலில் நாம் பாடும் நாட்டுப்பண்ணான நெகாராகூவின் மெட்டும் பேராக் மாநிலப் பண்ணிலிருந்து வந்ததுதான். கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டால் தப்பில்லை.

அச்சிட்ட படத்தை வாங்கி ஒட்ட வேண்டாம். கோணலாக இருந்தாலும் பிள்ளைகளே வரையட்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பட்டை தெரியாது என்பதால் சுற்றிலும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நீர்வண்ணத்தைவிட வண்ணப் பென்சில் நல்லது, இல்லையென்றால் கறுப்பு மஞ்சளில் ஊறிவிடும். விடுமுறைக்கு முந்தைய புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்