பொட்டாஷ் சிறு பையில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மணலியில் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை வீட்டுக்காரர் பொன்னேரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் புழுதி விதைப்பாக, அதாவது காய்ந்த மண்ணிலேயே விதைத்து, நெல் போடுகிறார். வானம் பார்த்த பூமி.

போன பருவத்தில் கதிர் வெளிவரும் நேரம் பார்த்து மழை நின்றுவிட்டது. ஒரு கடையில் ‘வறட்சி டானிக்’ என்று பாட்டிலை நீட்டினார்கள். உள்ளே என்ன மருந்து என்று லேபிளில் ஒரு வரி இல்லை. தெளித்தும் பாதிக் கதிர் பதர். மாப்பிள்ளை களத்தில் நின்று அழுததைப் பார்த்தேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதோ எளிய முறை. லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு (கடையில் பொட்டாஷ் என்று விற்கும் உரம்), அதாவது 1 சதவீதக் கரைசல். கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வறட்சியில் இதே 1 சதவீதக் கரைசலை இலையிலும் தெளிக்கலாம். இலைத்துளைகள் திறந்து மூடுவதற்குப் பொட்டாசியம்தான் ஆதாரம். அது போதுமான அளவு இருந்தால் பயிர் நீரை வீணாக்காது. இது மழைக்கு ஈடாகாது, சில நாள் தாங்கவைக்கும். பூக்கும் பருவத்தில் அந்தச் சில நாள்தான் விளைச்சல்.

மாப்பிள்ளையின் விதைக்கு அரை கிலோ பொட்டாஷ் போதும். கடையிலோ 50 கிலோ மூட்டையாக வாங்கச் சொல்கிறார்கள். மீஞ்சூர், சோழவரம் வேளாண் கிடங்குகளில் விதைப்புக்கு முன்பே ஒரு கிலோ பைகளாகக் கொடுக்க வேளாண்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உரத் தொழிலாளி,
திருவொற்றியூர், சென்னை